காயப்பட்டதைத் தேடிப் போவது யார்?

ஆடி, ஆவணி மாதங்களில் கிளிநொச்சியின் உருத்திரபுரத்துக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச். கோயில் திருவிழா, கலியாண வீடு, இரணைமடுக் குளக்கட்டில் ஒரு மாலை என்று விடுமுறை ஓடிக்கொண்டிருக்கும். அதற்கிடையில் ஓர் இரவு, வாய்க்கால் கட்டில் குந்தியிருக்கும் பழைய வகுப்புத் தோழர்களில் ஒருவன் கதையைத் தொடங்குவான். “மச்சான், ஒருக்காக் காட்டுக்கு வெளிக்கிடுவம். முயல், உடும்பு இல்லை. பெருசா ஒண்டு. மரை.” துவக்கு வைத்திருக்கும் ஆளைத் தெரிந்தவன் ஒருவன் அந்தக் கூட்டத்தில் இருப்பான். நல்ல நாய் வைத்திருப்பவன் ஒருவன் இருப்பான். செலவுக்குக் காசு விமானத்தில் வந்திருக்கும். அரை மணித்தியாலத்தில் எல்லாம் பொருந்திவிடும்.

இந்த அழைப்பை ஏற்பது சரியா?

சட்டத்தின் பதில் எல்லாருக்கும் தெரியும். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதற்குப் பின் வந்த திருத்தங்களும் மரை, மான், யானை, சிறுத்தை, கரடி எதையும் விளையாட்டுக்குச் சுட விடுவதில்லை. ஆனால் சட்டம் தடுக்கிறது என்பதோடு கேள்வி முடிந்துவிடாது. போரின்போது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஒரு போத்தல் மண்ணெண்ணெயை வன்னிக்குள் கொண்டுவந்ததும் சட்டப்படி குற்றம்தான். அதைக் கொண்டுவந்து பிள்ளையின் படிப்பு மேசையில் விளக்கேற்றிய தகப்பனை எவரும் அறம் தவறியவன் என்று சொல்லவில்லை. சட்டம் சொல்வதற்கு அப்பாலும் சரி பிழை உண்டு என்பதை இந்த மண்ணுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே வேட்டையையும் அதன் சொந்தத் தராசிலேயே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேட்டை தமிழுக்கு அந்நியமானதல்ல. குறிஞ்சி நிலத்தின் தொழிலே அதுதான். புறநானூற்றில் வன்பரணர் பாடும் வல்வில் ஓரியின் ஒற்றை அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றுக்குள் கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது. கொல்லாமைக்கும் புலால் மறுத்தலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த திருக்குறளே, படைச்செருக்கைப் பேச வந்த இடத்தில், முயலை வீழ்த்திய அம்பைவிட யானையைத் தவறவிட்ட வேலை மேலாகச் சொல்கிறது. அங்கே பேசப்படுவது போர்க்களத்து வீரம். காடு உவமையாக மட்டுமே வருகிறது. ஆனாலும் பெரிய விலங்கை எதிர்கொள்வதே பெருமை என்ற எண்ணம் எவ்வளவு பழையது என்பதை அது காட்டுகிறது. “முயல், உடும்பு இல்லை” என்று வாய்க்கால் கட்டில் சொன்ன பொடியன் அந்தப் பழைய எண்ணத்தைத்தான் தன்னை அறியாமல் பேசுகிறான்.

நண்பர்களோடு போன முதல் வேட்டை என்று சொன்னால், தமிழில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது, பின்னாளில் கண்ணப்பர் ஆன திண்ணனின் வேட்டை. உருத்திரபுரீஸ்வரர் கோயிலைச் சுற்றி வாழும் ஊருக்குக் கண்ணப்பர் கதையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கண்ணைக் கொடுத்த இடம் நினைவில் நிற்கும் அளவுக்கு, அந்தக் கதை தொடங்கும் இடம் பலருக்கு நினைவில் இல்லை. உடுப்பூரில் வயது முதிர்ந்த நாகன் தன் மகனிடம் தலைமையைக் கொடுக்கிறான். மகன் கன்னி வேட்டைக்குப் புறப்படுகிறான். வலை கட்டி, நாய் அவிழ்த்து, பெருங்கூட்டமாகக் காட்டை வளைக்கிறார்கள். வலையை அறுத்துக்கொண்டு ஒரு பன்றி பாய, எல்லாரும் பின்தங்கிப்போக, திண்ணனும் அவன் தோழர்கள் நாணனும் காடனும் மட்டும் அதை விடாமல் துரத்துகிறார்கள். கடைசியில் திண்ணன் கிட்டப் போய், வாளால் வெட்டி வீழ்த்துகிறான்.

அந்த வேட்டையை வருணிக்கும் சேக்கிழார் கொலையின் வேகத்தை மட்டும் பாடிவிட்டுப் போகவில்லை. அந்த மறவர் எதைச் செய்யவில்லை என்பதையும் நின்று சொல்கிறார். யானைக் கன்றுகளை அவர்கள் தொடரவில்லை. குருளைகளைக் கொல்லவில்லை. சூல் கொண்டு தளர்ந்து நடக்கும் பிணைகளை அலைக்கவில்லை. எதிர்த்து வந்ததைக் கொன்றார்கள், தளர்ந்ததை விட்டார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் புலவர் ஒருவர் வேடர் கூட்டத்துக்கு இப்படி ஓர் ஒழுங்கைக் கொடுத்துப் பாடியிருக்கிறார் என்றால், ஒழுங்கு இல்லாத கொலையை வேட்டை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

வன்னியின் பழைய வேட்டைக்காரரிடமும் ஒழுங்கு இருந்தது. அது எழுத்தில் இல்லை, பழக்கத்தில் இருந்தது. காட்டு வாசலில் ஐயனாருக்குக் குழை முறித்துக் கட்டிவிட்டு உள்ளே போவது, குட்டியோடு நிற்பதை விட்டுவிடுவது, இறைச்சியை ஊருக்குப் பங்கு போடுவது. எல்லாரும் எப்போதும் இதைக் கடைப்பிடித்தார்கள் என்று சொன்னால் அது பொய்யாகும். பேராசை பிடித்தவன் அப்போதும் இருந்தான். ஆனால் அவனைப் பார்த்து “இது சரியில்லை” என்று சொல்ல ஒரு பொது அளவு ஊரில் இருந்தது.

இப்போது கேள்வியின் மையத்துக்கு வரலாம். இரணைமடுத் தண்ணீரில் விளையும் உருத்திரபுரத்து வயலில், கதிர் பால் பிடிக்கும் நேரம் பார்த்துப் பன்றி இறங்கும். தின்பது கொஞ்சம், உழக்குவது அதிகம். விதைநெல் கடன், உரக் கடன், உழவுக் கூலி எல்லாம் அந்த வரம்புக்குள்தான் கிடக்கிறது. 2021இல் இரசாயன உரம் திடீரெனத் தடைசெய்யப்பட்ட பிறகு, ஒரு மூடை நெல்லின் கணக்கு எந்த வீட்டிலும் சின்ன விஷயமாக இருக்கவில்லை. காவல் கொட்டிலில் இரவு முழுக்கக் கண் விழித்து, தகரம் தட்டி, வெடி கொளுத்தி, அதற்கும் அசையாமல் வந்த பன்றியை அடித்துக் கொல்கிறவனை அறத்தின் பெயரால் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. அதேபோல இடம்பெயர்ந்து மரத்தடியில் கிடந்த காலத்தில், பிள்ளைகளின் கோப்பையில் போட வேறொன்றும் இல்லாதபோது கண்ணி வைத்துப் பிடித்த முயலையும் மானையும் பாவக் கணக்கில் எழுத முடியாது. பசி அங்கே நேராகப் பேசியது.

இவர்களுக்கும் வாய்க்கால் கட்டுத் தோழர்களுக்கும் என்ன வேறுபாடு? கொல்லப்படும் விலங்குக்கு ஒரு வேறுபாடும் இல்லை. அதற்கு வலி ஒன்றுதான். வேறுபாட்டை மனிதனிடம்தான் தேட வேண்டும். ஒரு கேள்வி கேட்டால் அது வெளியே வந்துவிடும்: அந்த விலங்கு இன்றைக்கு வராமலே இருந்திருந்தால் இந்த மனிதன் சந்தோஷப்படுவானா? வயற்காரன் நிச்சயம் சந்தோஷப்படுவான். பன்றி வராத இரவு அவனுக்கு நித்திரை கொண்ட இரவு. இடம்பெயர்ந்த தாய்க்கு நிவாரண அரிசியும் பருப்பும் ஒழுங்காகக் கிடைத்திருந்தால் மானைப் பற்றி நினைத்தே இருக்க மாட்டாள். ஆனால் வேட்டைக்கு என்று வெளிக்கிட்ட தோழர்களுக்கு விலங்கு வராத இரவு வீணான இரவு. அவர்களுக்கு வேண்டியது அந்தச் சாவுதான். இறைச்சி பிறகு வந்து சேரும் காரணம். கிளிநொச்சிச் சந்தையில் ஆட்டிறைச்சி வாங்கிச் சமைத்தால் அந்த இரவின் செலவில் கால்வாசி வராது என்பது அவர்களுக்கே தெரியும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. கடைக் கோழி தின்கிறவன் காட்டு வேட்டையைக் குறை சொல்லலாமா? ஐந்தாறு கிழமை ஒரு கொட்டகைக்குள் நெருக்கியடித்துக் கிடந்து, தன் உடம்பின் பாரத்தைத் தன் காலே தாங்க முடியாமல் வளர்ந்து, ஒருநாள் கூட மண்ணைக் கிளறாமல் செத்த கோழி அது. மரையோ தன் காட்டில், தன் மோட்டையில் தண்ணீர் குடித்து, தன் இனத்தோடு வாழ்ந்து, கடைசி நாள் மட்டும் மனிதனைச் சந்தித்தது. எந்த வாழ்வு மேலானது என்று கேட்டால் பதிலில் தயக்கமே இல்லை. தானே கொன்று தானே உரித்துத் தின்கிறவனிடம், பொலித்தீன் பையில் வாங்கித் தின்கிறவனிடம் இல்லாத ஒரு நேர்மை இருக்கிறது. இதை மறுக்க முடியாது. மறுக்கவும் கூடாது. ஆனால் இந்த வாதம் கோழிக் கொட்டகையைத்தான் குற்றம் சாட்டுகிறது; வேட்டையை விடுதலை செய்யவில்லை. ஒரு பிழை நாளாந்தம் நடக்கிறது என்பதற்காக இன்னொன்றுக்கு உரிமை பிறந்துவிடாது. அதைவிட முக்கியமானது, அந்த நேர்மை தானே கொன்று தானே பொறுப்பு ஏற்கிறவனுக்குத்தான் உரியது. தோழர் கூட்டத்தின் வேட்டையில் அந்தப் பொறுப்பு யாரிடம் இருக்கிறது?

துவக்கு வெடித்த பிறகு என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வன்னியில் கள்ளமாக வேட்டைக்குப் பாவிப்பது பெரும்பாலும் இடியன். குழல்வாய் வழியே மருந்து போட்டு, தும்பு வைத்து இடித்து, ஈயமோ இரும்புத் துண்டோ போட்டு மறுபடி இடித்துத் தயாராக்கும் நாட்டுத் துவக்கு. ஒரு வெடிதான். அடுத்ததற்கு மறுபடி முதலிலிருந்து இடிக்க வேண்டும். இரவு, தலையில் கட்டிய லைற், எதிரே இரண்டு கண்களின் பச்சை மினுக்கம். கண் தெரிகிறது, உடம்பு எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று தெரியவில்லை. முதல் முறை துவக்குப் பிடித்தவனின் கை. வெடி போகிறது. விலங்கு விழவில்லை. பற்றைகள் முறிகிற சத்தம் தூரப் போகிறது.

அனுபவமுள்ளவர் நிலத்தைப் பார்த்து வாசிப்பார். இலையில் நுரையோடு இளஞ்சிவப்பாக இரத்தம் கிடந்தால் அடி நெஞ்சறையில். விலங்கு அதிக தூரம் போயிராது. கறுத்த இரத்தத்தில் அரைபட்ட புல்லும் நாற்றமும் கலந்திருந்தால் அடி வயிற்றில். அது உடனே சாகாது. உடனே துரத்தினால் ஓடிக்கொண்டே இருக்கும். பல மணித்தியாலம் பொறுத்து, விடிந்த பிறகு, துளித் துளியாக இரத்தத்தைத் தேடிப் போக வேண்டும். சில வேளை அடுத்த நாள் முழுக்க. முட்பற்றைக்குள் தவழ்ந்து, தண்ணீர் தேடி அது போன மோட்டையைக் கண்டு, உயிரோடு கிடந்தால் அதை முடித்துவைக்க வேண்டும். காயப்படுத்தியவனின் கடன் அது. எந்த வேட்டைச் சமூகத்திலும் வேட்டைக்காரனைக் கொலைகாரனிலிருந்து பிரித்து வைத்தது இந்தக் கடன்தான்.

தோழர் கூட்டத்தில் இதைச் செய்யப்போவது யார்? காலையில் ஒருவன் வேலைக்குப் போக வேண்டும். ஒருவனுக்கு மதியம் கலியாண வீடு. ஒருவன் நாளைக்குக் கட்டுநாயக்கா விமான நிலையம். வனஇலாகாக்காரர் வரலாம் என்ற பயம் வேறு. “தப்பீட்டுது மச்சான்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவார்கள். தப்பவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஏதோ ஒரு பற்றைக்குள் அது செத்திருக்கும். அந்த நாள்களை அனுபவித்தது அது ஒன்றுதான்.

காசும் கருவியும் நிறைய இருந்தால் இது நடக்காது என்று எண்ணக்கூடாது. 2015 யூலையில் சிம்பாப்வேயின் ஹுவாங்கே தேசியப் பூங்காவுக்கு வெளியே சிசில் என்ற சிங்கம் கொல்லப்பட்டது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கழுத்துப் பட்டி மாட்டிக் கண்காணித்து வந்த சிங்கம் அது. பல்லாயிரம் டொலர் கொடுத்து வந்த அமெரிக்கப் பல் வைத்தியர் ஒருவர், தொழில்முறை வழிகாட்டி பக்கத்தில் நிற்க, இரவில் அம்பு எய்தார். முதல் அம்பில் அது சாகவில்லை. பத்து மணித்தியாலம் அளவில் காயத்தோடு கிடந்த பிறகே முடித்துவைக்கப்பட்டது. அங்கே தேடிப் போக ஆள் இருந்தது. அப்படி இருந்துமே அவ்வளவு நேரம்.

கூட்டமாகப் போவதால் வரும் தீங்கு இன்னொன்று. தனி ஒருவன் துவக்கைத் தூக்கும்போது சுடுவதா, விடுவதா என்று ஒரு கணம் தன்னோடு தான் பேசிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நண்பர் நால்வர் பின்னால் நிற்கும்போது அந்தக் கணம் கிடைப்பதில்லை. சுடாமல் துவக்கை இறக்கினால் பகிடி, அடுத்த பத்து வருடத்துக்குச் சொல்லிச் சிரிக்க ஒரு கதை. ஆண்பிள்ளை என்ற பெயரைக் காப்பாற்றச் சுட்டவன் விலங்கைப் பார்த்துச் சுடவில்லை. பின்னால் நிற்பவர்களைப் பார்த்துச் சுட்டான். முடிந்த பிறகு குற்றம் ஐந்தாகப் பிரிந்துவிடும். துவக்குக் கொடுத்தவன் “நான் சுடேல்லை” என்பான். சுட்டவன் “அவங்கள்தான் சொன்னவங்கள்” என்பான். காசு கொடுத்தவன் “நான் சும்மா பாக்கப் போனனான்” என்பான். இறைச்சிக்கு இருக்கும் பங்கு குற்றத்துக்கு இருக்காது.

கூட்டமும் கமராவும் சேர்ந்தால் மனிதன் என்ன ஆவான் என்பதை உருத்திரபுரத்துக்குத் தொலைவில்லாத அம்பாள்குளம் 2018 யூன் மாதத்தில் கண்டது. ஒரு சிறுத்தை குடியிருப்புக்குள் வந்தது. வனசீவராசிகள் திணைக்களத்து அலுவலர் உட்படப் பத்துப் பேர் அளவில் காயப்பட்டார்கள். பிள்ளைகள் இருக்கும் வளவுக்குள் சிறுத்தை நிற்கிறது. மயக்க ஊசி போட ஆள் இல்லை. பொல்லுகளோடு சனம் இறங்கி அடித்துக் கொன்றது. அந்தக் காலைப் பொழுதின் பயத்தை, கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருந்து காணொளி பார்த்தவர்கள் அறிய மாட்டார்கள். அந்தச் சனத்திடம் சிறுத்தை வராமல் இருந்திருந்தால் என்று கேட்டால், வராமல் இருந்திருக்கலாமே என்றுதான் அன்று காலை எல்லாரும் சொல்லியிருப்பார்கள். அதுவரைக்கும் அது தற்காப்பு.

அதற்குப் பிறகு நடந்தது வேறு. செத்த உடம்போடு படம் எடுத்தார்கள். காணொளி ஊர் ஊராகப் போனது. நீதிமன்றம் தலையிட்டது, கைதுகள் நடந்தன. பயத்தில் அடித்த கைக்கும் படத்துக்கு நின்ற முகத்துக்கும் நடுவே சில நிமிடங்கள்தான் இருந்திருக்கும். அந்தச் சில நிமிடத்துக்குள் தற்காப்பு கொண்டாட்டமாக மாறிவிட்டது. அதே ஆள்கள், அதே சிறுத்தை. ஆனால் முதலாவதை மன்னிக்கலாம், இரண்டாவதை மன்னிக்க முடியாது. வேட்டைக்கு வெளிக்கிடும் தோழர்கள் முதலாவது எதுவும் இல்லாமல் நேரே இரண்டாவதற்குப் போகிறார்கள் என்பதுதான் அவர்கள் மேல் உள்ள குற்றச்சாட்டு.

பெருவிலங்கு வேட்டையை வீர விளையாட்டாக இந்தத் தீவில் கொண்டாடியவர்கள் வெள்ளைக்காரத் துரைமார். மேஜர் தொமஸ் றொஜர்ஸ் தனியொருவராக 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் குடியிருந்து, துவக்கோடும் நாய்களோடும் ஆடிய வேட்டையைப் புத்தகமாகவே எழுதினார். ஆனால் பழியை முழுக்க அவர்கள் தலையில் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. பிரித்தானிய அதிகாரி எமர்சன் ரெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கு இருக்கிறது: 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்கும் குறைந்த காலத்தில், வடமாகாணத்தில் மட்டும் ஏறக்குறைய 3,500 யானைகள் கொல்லப்பட்டன. தலைக்குச் சில சிலிங் அரசாங்கம் சன்மானம் கொடுத்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அத்தனை யானைக்கு இடமில்லை. அவற்றில் வன்னிக் காட்டு யானைகளும் இருந்திருக்கும். அத்தனையையும் துரைமாரே சுட்டிருக்க முடியாது. சன்மானம் வாங்கிய கைகளில் இந்த மண்ணின் கைகளும் இருந்திருக்கும். 2011இல் எடுத்த கணக்கெடுப்பில் முழு இலங்கையிலும் இருந்த காட்டு யானைகள் 5,879. 2023இல் மட்டும் 480க்கு மேல் செத்தன. எல்லாம் வேட்டையில் அல்ல. மின்கம்பி, துவக்கு, புகையிரதம், வெங்காய வெடி என்று பல வழி. பூசணிக்காய்க்குள் ஒளித்த வெங்காய வெடியைக் கடித்த யானைக் கன்று, தாடை சிதைந்து, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாள்கணக்கில் நின்று சாகும். பன்றிக்கு வைத்தது என்பார்கள். பன்றிக்குக் கட்டிய கம்பிச் சுருக்கில்தான் மலைநாட்டில் சிறுத்தைகள் இடுப்பு இறுகிச் சாகின்றன. 2020 மே மாதத்தில் நல்லதண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டும் காப்பாற்ற முடியவில்லை.

வேட்டைக்கு ஆதரவாக இன்று உலகில் சொல்லப்படும் வாதங்களில் கனமானது ஒன்றுதான்: வேட்டைக் காசு காட்டைக் காக்கும் என்பது. இதைத் தூக்கி எறிய முடியாது. பாகிஸ்தானின் வட மலைகளில் மார்க்கோர் என்ற காட்டாடு அழியும் நிலைக்குப் போனது. வயது போன கிடாய்களை மட்டும், ஆண்டுக்கு ஒரு சில, வெளிநாட்டவர் சுட அனுமதித்தார்கள். ஒரு அனுமதியின் விலை ஒரு இலட்சம் டொலருக்கும் மேல் போகிறது. அதில் நூற்றுக்கு எண்பது அந்த மலைக் கிராமங்களுக்கு. முன்பு கள்ளமாகச் சுட்ட கிராமத்தவனே காவல்காரன் ஆனான். ஆடு பெருகியது. நமீபியாவிலும் ஊர்ச் சமூகங்களுக்கு விலங்கின் மேல் உரிமை கொடுத்த பிறகு விலங்குகள் கூடின. கென்யா 1977இலேயே வேட்டையை முற்றாகத் தடைசெய்தது; அங்கே வேட்டைத் தடை மட்டும் விலங்குகளைக் காப்பாற்றிவிடவில்லை என்று வேட்டை ஆதரவாளர் சுட்டுவதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. இலங்கையிலேயே 1894இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் துவக்குப் பிடித்தவர்கள்தான். சுட்டுச் சுட்டுக் குறைந்து போனதைக் கண்டு பயந்தவர்கள்.

பத்துப் பேர் ஊருக்குள் பிழைக்க ஒரு கிழட்டுக் கிடாய் சாகலாமா என்றால், கடினமாக இருந்தாலும் ஆம் என்று சொல்ல இடமிருக்கிறது. ஆனால் அந்த ‘ஆம்’ தானாக வந்ததல்ல. விலங்கை எண்ணிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். எதைச் சுடலாம், எத்தனை சுடலாம் என்று வரையறை இருக்கிறது. காசு எங்கே போகிறது என்று ஊருக்குத் தெரியும். வன்னியில் இதில் ஒன்றாவது உண்டா? அக்கராயன் காட்டிலோ ஒலுமடுக் காட்டிலோ எத்தனை மரை நிற்கிறது என்று சுடப் போகிறவன் அறிவானா? சுட்டது சினை மரையா என்று விழுந்த பிறகுதான் தெரியும். விமானத்தில் வந்த காசு காட்டுக்கு ஒரு சதமும் போகாது. ஒரு போத்தலுக்கும் ஒரு துவக்குக்காரனுக்கும் போகும். அந்த வாதத்தை இங்கே இரவல் வாங்குகிறவர்கள் அதன் நிபந்தனைகளை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

அந்தத் துவக்குக்காரனைப் பற்றித்தான் இன்னும் பேசவில்லை. பெரும்பாலும் காணி இல்லாதவன், அல்லது மழையை நம்பிய மேட்டுக்காணி உள்ளவன். போரில் ஒரு காலோ ஒரு பிள்ளையோ போயிருக்கும். காட்டை உள்ளங்கை போல் அறிந்தவன். எந்தப் பாதையில் கண்ணிவெடி அகற்றி முடிந்தது, எந்த மோட்டையில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கும், கரடி எந்தப் பாலை மரத்துக்கு வரும் என்று அவனுக்குத் தெரியும். நண்பர் கூட்டம் அவனுக்கு நீட்டும் தாள், அவன் ஒரு கிழமை கூலி வேலை செய்தாலும் கிடைக்காத காசு. மறுக்க அவனால் முடியாது. அவன் சம்மதித்தான் என்று சொல்வது எளிது. அந்தச் சம்மதத்தை வறுமை கொடுத்தது.

பிடிபட்டால் என்ன நடக்கும்? விமானச் சீட்டு உள்ளவன் கடவுச்சீட்டைக் காட்டி, சட்டத்தரணி பிடித்து, தண்டப்பணம் கட்டி, எப்படியோ போய்விடுவான். உத்தரவுப் பத்திரம் இல்லாத துவக்கோடு அகப்பட்டவன் கிளிநொச்சி நீதிமன்றத்துக்குத் தவணை தவணையாக நடப்பான். அவன் மனைவி நகை அடகு வைப்பாள். வேட்டையின் கதை ரொறன்ரோவில் விருந்து மேசையில் சொல்லப்படும்போது அவன் அதில் “எங்கட ஆள் ஒருத்தன்” என்று வருவான், பெயர்கூட வராது. காட்டில் காயத்தோடு விடப்பட்ட விலங்குக்கு அடுத்தபடியாக, அந்த இரவின் விலையை முழுதாகக் கட்டுகிறவன் அவன்தான். விலங்கின் மேல் இரக்கம் வராதவருக்குக்கூட இது உறைக்க வேண்டும்.

காட்டுக்குப் போகும் ஆசை பிழையல்ல. பதினைந்து வருடம் பனிக்குள் இருந்துவிட்டு வந்தவனுக்கு, பிறந்த மண்ணின் காட்டு மணத்தை மூக்கில் ஏற்ற வேண்டும் என்று இருப்பது இயல்பு. பழைய நண்பர்களோடு ஓர் இரவு, கொஞ்சம் பயம், கொஞ்சம் இருட்டு, காலை விடியும்போது தேத்தண்ணி. இதில் எதற்கும் துவக்கு தேவையில்லை. அந்தத் துவக்குக்காரனிடமே கேட்கலாம்: அண்ணை, இடியனை வீட்டில வையுங்கோ, அதே காசு தாறம், உள்ளதை எங்களுக்குக் காட்டுங்கோ. அனுமதி உள்ள பாதைகளும் குளக்கரைகளும் தாராளமாக இருக்கின்றன. இரவு வந்து தண்ணீர் குடித்துப் போன மரையின் குளம்பு எது, பன்றியின் குளம்பு எது, சிறுத்தை நகம் இழுத்த மரம் எது என்று அவன் காட்டத் தொடங்கினால் ஒரு நாள் போதாது. அவனுக்கும் அடுத்த வருடம் அதே வேலை மிச்சம் இருக்கும், நீதிமன்றத் தவணை இருக்காது.

“அதில என்ன திரில் இருக்கு?” என்று கூட்டத்தில் ஒருவன் கேட்பான். கேட்கட்டும். மற்ற நால்வரும் அவனுக்கு அப்போதே, வாய்க்கால் கட்டிலேயே, துவக்குக்காரனுக்குத் தொலைபேசி எடுக்கும் முன்னரே பதில் சொல்ல வேண்டும். காட்டுக்குள் போன பிறகு அந்தப் பதிலைச் சொல்ல எவனுக்கும் வாய் வராது.